ஒன்பது ஊர்த் தண்ணீர்

(வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்தவர் உங்கள் செயலாளர். "சார், நீங்கதான் பேங்க் வேலையில ஊர் ஊராச் சுத்தினவரு. ஊர் மாறினா மனுஷனுக்குச் சந்தோஷம் கூடுமான்னு நீங்க பேசணும்" என்றார். சுற்றியது உண்மைதான். 34 வருஷத்தில் 9 ஊர். அதனால் சந்தோஷத்தில் நான் நிபுணன் ஆகிவிடவில்லை. அட்டைப்பெட்டி கட்டுவதில் வேண்டுமானால் நிபுணன். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு நடுவே பழைய தலையணை உறையைத் திணித்தால் லாரியில் சத்தம் வராது என்பது போன்ற ஞானம் என்னிடம் நிறைய இருக்கிறது.

நான் பிறந்தது அம்பாசமுத்திரத்துப் பக்கம். தாமிரபரணித் தண்ணீர். வேலை கிடைத்து முதலில் போட்டது தருமபுரியில். போய்ப் பத்து நாளில் அம்மாவிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. வேலை எப்படி, மேனேஜர் நல்லவரா என்று ஒரு வார்த்தை இல்லை. 'அங்கத்தத் தண்ணி ஒத்துக்கிட்டுதா?' என்று கேட்டிருந்தாள். அதற்குப் பிறகு எந்த ஊருக்கு மாற்றினாலும் அவளுடைய முதல் கேள்வி அதுதான். அப்போது எனக்குச் சிரிப்பு வரும். இப்போது, ஊர் மாறுவதைப் பற்றி அதைவிடச் சரியான கேள்வி கிடையாது என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் நம் பெரியவர்கள் இரண்டு பக்கமும் பேசி வைத்திருக்கிறார்கள். 'கெட்டும் பட்டணம் சேர்' என்று ஒரு பழமொழி. 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்று இன்னொன்று. குருப்பெயர்ச்சி வந்தால் பத்திரிகைக்காரர்கள் பலன் போடுவார்கள். அதில் நாலு ராசிக்காவது 'இடமாற்றத்தால் நன்மை உண்டு' என்று இருக்கும். எங்கள் கிளையில் ஒரு கேஷியர் அந்த வரியைப் படித்துவிட்டு டிரான்ஸ்பருக்கு எழுதிக் கொடுத்தார். கிடைத்தது, போனார். ஆறு மாதம் கழித்து எனக்கு ஒரு கார்டு போட்டார், அடுத்த பெயர்ச்சி எப்போது என்று விசாரித்து.

அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1998-இல் அமெரிக்காவில் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இருவர் வெளியிட்டது. கானமன் உளவியல் பேராசிரியர். 2002-இல் பொருளாதார நோபல் வாங்கியவர். சுமார் 2,000 மாணவர்களிடம் கேட்டார்கள். ஒரு பகுதியினர் குளிர்காலத்தில் பனி கொட்டுகிற நடுமேற்கு மாநிலங்களில் படிப்பவர்கள். மற்றவர்கள் வெயிலும் கடற்கரையுமான தெற்குக் கலிஃபோர்னியாவில் படிப்பவர்கள். உன் வாழ்க்கை உனக்கு எவ்வளவு திருப்தி என்று கேட்டபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பதில். உன்னைப் போன்ற ஒருவன் எங்கே அதிகத் திருப்தியோடு இருப்பான் என்று கேட்டபோது, இரண்டு பக்கமும் கலிஃபோர்னியா என்றது. பனியில் நடுங்குகிறவனும் அதைச் சொன்னான், வெயிலில் நிற்கிறவனும் அதையே சொன்னான். ஆய்வாளர்கள் தந்த விளக்கம் எளிமையானது. இரண்டு ஊரை ஒப்பிடும்போது நமக்குக் கண்ணில் படுவது வித்தியாசமாக இருக்கிற ஒன்று மட்டும். வானிலை, மலை, கடல். ஆனால் அங்கே குடியிருக்கிறவன் காலையில் எழுந்து வானிலையை அனுபவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அவனுக்குப் பரீட்சை இருக்கிறது, பல்வலி இருக்கிறது, கடன் இருக்கிறது.

எனக்கு இதை நீலகிரிக் கூடலூர் சொல்லிக் கொடுத்தது. அங்கே மாற்றல் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாம் "குடுத்து வச்சவன்டே" என்றார்கள். ஆடி மாதம் வந்து பார்த்திருக்க வேண்டும். மழை நிற்கவே நிற்காது. பிள்ளைகளின் யூனிஃபார்மை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டோம். பள்ளிக்கூடத்தில் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்தால் ரசம் வாசனை அடிக்கிறது என்று தோழி சொன்னாளாம்.

இந்த இடத்தில் பலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 'ஆகவே சந்தோஷம் ஊரில் இல்லை, மனசுக்குள் இருக்கிறது' என்று சொல்லிவிட்டு மாலையை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. இந்த உபதேசத்தைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல தெருவில் வீடு வைத்திருப்பவர்கள்.

தருமபுரிக்குத் திரும்ப வருகிறேன். அந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குழந்தையிலிருந்து அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் காவி படியும்; சிலருக்கு எலும்பையும் அது வளைத்துவிடும். ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது, 2013-இல். நான் இருந்த காலத்தில் கவுன்ட்டருக்கு வரும் இளம் பெண்கள் சிலர் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுவார்கள். வெட்கம் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பெண்களிடம் போய் எல்லாம் மனசுக்குள் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? தியானம் பண்ணினால் பல் வெளுக்குமா? அம்மாவின் கேள்வி அங்கே எனக்கு உறைத்தது.

இதற்கும் ஓர் ஆய்வு உண்டு, இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஊர் மாறியவர்களையும் மாறாதவர்களையும் சும்மா ஒப்பிட்டால் கணக்குத் தப்பாகிவிடும். மாறத் துணிகிறவர்கள் முதலிலேயே வேறு மாதிரி ஆட்கள். அந்தத் தப்பு வராத மாதிரி, அமெரிக்க அரசு 1994-இல் தொடங்கி நாலு வருஷம் ஐந்து நகரங்களில் ஒரு குலுக்கல் நடத்தியது. பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க். ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பில் இருந்த சுமார் 4,600 குடும்பங்கள் பெயர் கொடுத்தன. குலுக்கலில் ஒரு பகுதியினருக்கு, வறுமை குறைந்த பகுதியில் வீடு பிடிக்க வாடகை உதவிச் சீட்டு கிடைத்தது. ஏன் போக விரும்புகிறீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலோர் சொன்னது வேலையும் இல்லை, நல்ல வீடும் இல்லை. ரவுடிக் கும்பல்களிடமிருந்தும் போதைப்பொருள் தெருவிலிருந்தும் தப்பிக்க வேண்டும் என்றார்கள்.

பத்துப் பதினைந்து வருஷம் கழித்துப் பார்த்தார்கள். பெரியவர்களின் சம்பாத்தியம் கூடவில்லை. பொருளாதார நிபுணர்களுக்கு ஏமாற்றம். ஆனால் சர்க்கரை நோயும் மிதமிஞ்சிய உடல் பருமனும் குறைந்திருந்தன. மனச்சோர்வு குறைந்திருந்தது. தாங்கள் சந்தோஷமாக இருப்பதாக அவர்களே சொன்னார்கள். எவ்வளவு சந்தோஷம் என்பதையும் அந்த ஊர் வழக்கப்படி டாலரில் கணக்குப் போட்டார்கள். அக்கம்பக்கத்து வறுமை ஓரளவு குறைந்ததே, வருஷத்துக்கு 13,000 டாலர் வருமானம் கூடியதற்குச் சமமான நிம்மதியைத் தந்திருக்கிறது என்று 2012-இல் எழுதினார்கள். வருஷ வருமானமே 20,000 டாலர் இருக்கிற குடும்பங்கள் அவை. பையில் காசு ஏறவில்லை. சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்து சேரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பயம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதே குலுக்கலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, பிள்ளை வைத்திருப்பவர்கள் கேளுங்கள். 13 வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கியபோது, மாறாத பிள்ளைகளைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். 13 வயதைத் தாண்டி மாறியவர்களுக்கு அந்த லாபம் இல்லை, கொஞ்சம் நஷ்டம்கூட. பழகிய இடத்திலிருந்து பிடுங்கி நடுவதற்கு ஒரு வயது இருக்கிறது போலிருக்கிறது. என் மகளைப் பத்தாம் வகுப்பில் டி.சி. வாங்கி வேறு ஊருக்குக் கூட்டிப் போனேன். பதவி உயர்வு, மறுக்க மனசில்லை. அந்த ஒரு வருஷம் அவள் மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிட்டாளாம். கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு, ஒரு தீபாவளிக்கு வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

நம்முடைய நாட்டுக்கு வருவோம். ஊர், ஊர் என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லே எல்லாருக்கும் பொதுவானது இல்லை. கிராமத்தில் 'ஊர்' என்றால் ஒரு பகுதி. 'சேரி', 'காலனி' என்றால் வேறு பகுதி. நடுவில் ஒரு வாய்க்காலோ ரோடோ இருக்கும். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், காலனியிலிருந்து படித்து வந்தவர். ஒருநாள் டீக்கடையில் நான் வழக்கம்போல என் ஆற்றையும் படித்துறையையும் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் டீயை முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு ஊரை விட்டு வந்தது கஷ்டம். நான் ஊருக்குள்ளேயே இருந்ததில்லையே சார்." அந்த டீக்கடையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி டம்ளர். அவருடைய கிராமத்தில் அவர் அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றி அவ்வளவு கடுமையாகப் பேசினார் என்றால், கிராமத்தை அவர் பார்த்த இடம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அவரைப் பின்பற்றிப் பட்டணம் போனவர்கள் வானிலையை நம்பிப் போகவில்லை.

அதற்காகப் பட்டணத்துக்கு மகுடம் சூட்டவும் நான் தயாரில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் "எந்த ஊரு நீங்க?" என்பார்கள். அது ஊரைப் பற்றிய கேள்வி இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நண்பர் மாவட்டத் தலைநகர் ஒன்றில் வீடு கிடைக்காமல் நாலு மாதம் லாட்ஜில் இருந்தார். எனக்கு மூன்றாவது நாளே கிடைத்தது.

சரி, தாங்களாக விரும்பிப் போகாமல் அனுப்பப்பட்டவர்கள்? கூடலூர் கிளையில் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அவர்களில் யாரையும் கேட்டு எழுதவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, நாலாபக்கமும் பிரிந்து போனார்கள். நீலகிரியில் அவர்களுக்காகவே 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. இன்றைய டான்டீ அதுதான். அதே தேயிலை, அதே குளிர், அதே லயம் வீடு. கொழுந்து பறிக்கும் ஒரு பாட்டி, பாஸ்புக்கைப் பதிந்து வாங்கும்போது சொன்னாள்: "அங்க இந்தியாக்காரின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரிங்குறாங்க. எங்க ஊரு எதுங்கய்யா?" அவளுடைய தாத்தா காலத்து ஊர் புதுக்கோட்டைப் பக்கமாம். ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறாள். யாருக்கும் அவளைத் தெரியவில்லை. சாயங்காலப் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள்.

பணம் கூடினால் இது சரியாகிவிடும் என்று நினைக்கலாம். பசிபிக் கடலில் டோங்கா என்று ஒரு சின்னத் தீவு நாடு. அங்கிருந்து ஆண்டுக்கு 250 பேருக்கு நியூசிலாந்து குலுக்கல் முறையில் குடியேற இடம் கொடுக்கிறது. குலுக்கலில் பெயர் விழுந்தவர்களையும் விழாதவர்களையும் சில ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டார்கள். போனவர்களின் சம்பாத்தியம் ஏறக்குறைய மூன்று மடங்கு. மன ஆரோக்கியம்கூட மேல். ஆனால் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்றால், போகாதவர்களைவிடக் குறைவு. அமெரிக்கக் குலுக்கலில் காசு கூடாமல் நிம்மதி கூடியது. இந்தக் குலுக்கலில் காசு கூடிச் சந்தோஷம் குறைந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். விட்டுவந்த இடத்தில் ஒரு முள் இருந்தால், இடம் மாறினால் முள் போகும். அந்த நிம்மதி நிலைக்கும். முள் இல்லாமல், அங்கே பூ இருக்கிறது என்று போனால், பூ நாலு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். விட்டுவந்த மனுஷர்கள் இல்லாதது பழகாது.

ஒன்றைக் கவனித்தீர்களா? இவ்வளவு நேரம் ஊர் மாறுவது ஏதோ அபூர்வ சம்பவம் போலப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆண்பிள்ளைப் பேச்சு இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இடம் மாறியவர்கள் சுமார் 45 கோடிப் பேர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். முதல் காரணம் கல்யாணம். இந்தக் கூடத்தில் இருக்கிற பெண்களில் பெரும்பாலோர் வாக்கப்பட்ட ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள்தான். உங்களை யார் கேட்டார்கள், ஊர் மாறினால் சந்தோஷமா என்று? மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று விசாரித்தார்கள். அந்த ஊரில் அவளுக்கு யாரைத் தெரியும் என்று விசாரித்தார்களா?

என் வீட்டிலேயே பாருங்கள். எனக்கு ஒன்பது ஊரும் ஒரே ஊர் மாதிரிதான். அதே லெட்ஜர், அதே மேஜை, முதல் நாளே "வாங்க சார்" என்று நாலு பேர். என் மனைவிக்கு ஒவ்வொரு தடவையும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ராமநாதபுரத்தில் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். இரண்டாம் நாளே குழாயடியில் ஒருத்தி அவளை "மதினி" என்று கூப்பிட்டுவிட்டாள். மூன்று வருஷம் சண்டையும் சிரிப்புமாகப் போனது. அங்கிருந்து கோயம்புத்தூர். சிறுவாணித் தண்ணீர், அதன் ருசி உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயே குழாய். அம்மாவுக்குப் பெருமையாக எழுதினேன். ஆனால் மனைவிக்கு வெளியே போகக் காரணமே இல்லாமல் போய்விட்டது. பக்கத்து வீடுகளில் நல்ல மனிதர்கள், "வாங்க, சொல்லுங்க" என்று அவ்வளவு மரியாதை. "ஒருத்தியும் என்னை வாடி போடின்னு சொல்ல மாட்டேங்கிறா" என்று ஒருநாள் அழுதாள்.

இதை ஒரு கூட்டத்தில் உருக்கமாகச் சொல்லி, குழாயடியே சொர்க்கம் என்கிற மாதிரி முடித்தேன். வீட்டுக்கு வந்ததும், "உங்களுக்கென்ன, குடம் தூக்கினது நான்ல்லா" என்றாள். ஆகையால் இப்போது அப்படி முடிப்பதில்லை. அவளுக்குக் குழாயும் வேண்டும், மதினியும் வேண்டும். நியாயம்தானே.

தமிழில் ஊர் மாறிய கதை என்றால் கோவலன் கதையை விடமுடியுமா? புகாரில் தொலைத்ததை மதுரையில் மீட்கலாம், சிலம்பை முதலாக வைத்து வியாபாரம் தொடங்கலாம் என்று விடிவதற்கு முன்னால் யாருக்கும் சொல்லாமல் கிளம்பினவன். ஊழ்வினை என்று இளங்கோ சொல்கிறார், இருக்கட்டும். ஒரு பேங்க்காரன் பார்வையில் வேறொன்று தெரிகிறது. புகாரில் அவன் மாசாத்துவானின் மகன். அங்கே ஒரு பொற்கொல்லன் அவனைத் திருடன் என்று சொன்னால் கடைத்தெருவே சிரித்திருக்கும். மதுரைக் கடைத்தெருவில் அவனுக்காக 'எனக்கு இவனைத் தெரியும்' என்று சொல்ல ஆள் இல்லை. அடைக்கலம் கொடுத்த இடைச்சேரி மாதரியும் அந்த நேரம் அங்கே இல்லை. புதிய ஊரில் கணக்குத் தொடங்க அந்தக் காலத்தில் அறிமுகக் கையெழுத்து கேட்போமே, அது சும்மா சம்பிரதாயமாக இருக்கவில்லை.

என் பதில் இதுதான். ஊர் மாறினால் சந்தோஷம் கூடுமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த முள்ளை விட்டுப் போகிறீர்கள், அங்கே யார் உங்களை வாடி போடி என்பார்கள், தினம் காலையில் என்ன தண்ணீர் என்று கேட்டால் பதில் கிடைக்கும். ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் வந்துகொண்டிருந்த உலக மகிழ்ச்சி அறிக்கையின் 2018 பதிப்பில், 117 நாடுகளில் குடியேறியவர்களின் மகிழ்ச்சியைத் தனியாகப் பட்டியல் போட்டார்கள். அந்தந்த நாட்டில் பிறந்தவர்களின் மகிழ்ச்சியை ஒட்டித்தான் அதுவும் இருந்தது. இரண்டு பட்டியலிலும் ஃபின்லாந்து முதலிடம். ஊர் நன்றாக இருந்தால் வந்தவனுக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே போக நினைக்கிற இளைஞர்களைப் போகாதே என்று நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் இங்கே நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். சென்னையிலோ பெங்களூரிலோ ஃபிளாட் வாங்கியிருப்பீர்கள். 'அப்பா அம்மா அங்க தனியா எதுக்கு, இங்க எல்லா வசதியும் இருக்கு' என்று பேச்சு நடந்துகொண்டிருக்கும். எண்பது வயதில் என் அம்மாவை நானும் அப்படித்தான் கூட்டிவந்தேன். பதினொன்றாவது மாடி, லிஃப்ட், கேன் தண்ணீர். தண்ணீர் ஒத்துக்கொண்டதா என்று அவளிடம் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, "கீழ போற ஆளுங்க மூஞ்சி தெரிய மாட்டேங்குடே" என்று மட்டும் சொன்னாள். ஊர் வீட்டை அதற்குள் நான் விலைபேசி முடித்துவிட்டேன்.

நீங்கள் அதைச் செய்யாதீர்கள். கூட்டிப் போங்கள், மூன்று மாதம் வைத்துப் பாருங்கள், இருக்க முடிகிறதா என்று அவர்களையே கேளுங்கள். அதுவரை ஊர் வீட்டுச் சாவி அவர்கள் கையிலேயே இருக்கட்டும். வீட்டை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்.